பூட்டு வேண்டாத பெருமை

ஹட்டனிலிருந்து நுவரெலியா வரைக்கும் தோட்ட நிர்வாகங்களைக் குறை சொல்வதே சிலருக்குப் பிழைப்பாகிவிட்டது. துரைமார் தொழிலாளியை நம்புவதில்லையாம். இப்படிச் சொல்பவர்கள் ஒரு நாளாவது தேயிலை ஸ்டோர் என்கிற தொழிற்சாலைக்குள் போய்ப் பார்த்திருக்க வேண்டும். தொழிலாளியின் தொண்டையை நம் நிர்வாகங்கள் நம்புகிற அளவுக்கு உலகத்தில் வேறு யாரும் நம்புவதில்லை.

கொழுந்து உருட்டும் ரோலரின் தட்டைக் கழுவ ஒருவர் இறங்குகிறார். கொழுந்துச் சாறு பிசினாக ஒட்டியிருக்கும். தினமும் சுரண்டிக் கழுவாவிட்டால் தேயிலை கெட்டுப்போகும். மெசினை நிறுத்தியாகிவிட்டது. சுவிட்ச் தூணுக்கு அந்தப் பக்கம். “உள்ள ஆள் இருக்கு, மெசினப் போட்டுறாதீங்க!” என்று ஒரு சத்தம். பாதுகாப்பு ஏற்பாடு இத்துடன் பூர்த்தியாகிறது. மேல்மாடியில் கொழுந்து வாட்டும் காற்றாடிகள் இரைகின்றன, அடுத்த மூலையில் டிரையர் உறுமுகிறது. இத்தனையையும் தாண்டி அந்தச் சத்தம் சுவிட்சடியில் நிற்பவர் காதில் விழும் என்று நம்புவதற்கு எவ்வளவு பெரிய மனசு வேண்டும்!

அமெரிக்கர்களுக்கு இந்த மனசு இல்லை. 1989இல் அவர்களுடைய தொழிற்பாதுகாப்பு நிர்வாகம் ஒரு விதி எழுதியது. மெசினுக்குள் கை விடுகிறவர் முதலில் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் தன் சொந்தப் பூட்டைப் போட வேண்டும். பெயர் எழுதிய அட்டையையும் தொங்கவிட வேண்டும். சாவி அவருடைய சட்டைப்பையில் இருக்கும். நாலு பேர் வேலை செய்தால் நாலு பூட்டு. கடைசி ஆள் தன் பூட்டைக் கழற்றும்வரை முதலாளியே வந்தாலும் மெசின் ஓடாது. மெசினைக்கூட அவர்கள் நம்புவதில்லை. மின்சாரம் நின்றாலும் காற்றாடி கொஞ்ச நேரம் சுற்றும், தூக்கிய கனத்த பாகம் அந்தரத்தில் நிற்கும் என்று சந்தேகப்பட்டு, அதையும் இறக்கி முட்டுக்கொடுக்கச் சொல்கிறார்கள். பிறகு ஸ்டார்ட் பொத்தானை ஒரு தடவை அமுக்கி, மெசின் செத்துத்தான் கிடக்கிறதா என்று சோதிக்க வேண்டுமாம். இந்த விதியால் அங்கே வருடத்துக்கு 120 உயிர் தப்புகிறது என்பது அவர்கள் போட்ட கணக்கு. ஒருவரை ஒருவர் நம்பாத ஊரில் இப்படித்தான் கணக்குப் போட்டுக் காலம் தள்ள வேண்டும்.

நம் பக்கத்தில் அதற்கெல்லாம் நேரமும் கிடையாது. பகலில் பறித்த கொழுந்து பன்னிரண்டு, பதினெட்டு மணி நேரம் வாடி, நடுச்சாமத்துக்குப் பிறகோ விடியற்காலையிலோ ரோலருக்கு வருகிறது. உருட்டிவிட்டால் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் டிரையருக்குப் போயாக வேண்டும். பிந்தினால் நிறமும் மணமும் போய்விடும், கொழும்பு ஏலத்தில் விலை விழும். இரவு மூன்று மணிக்குக் கொழுந்தை நசுக்கும் ரொட்டர்வேனின் வாய் அடைத்துக்கொண்டால், ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கர் என்ன செய்வார்? மெயின் சுவிட்சைத் தேடிப் போய்ப் பூட்டிக்கொண்டிருப்பாரா? ஓடுகிற மெசினிலேயே கையால் தள்ளிவிடச் சொல்வார். கொழுந்தின் மேல் அவ்வளவு பாசம். கொழுந்து போனால் வராது. விரலுக்கு அப்படியில்லை, ஒரு கையில் ஐந்து இருக்கிறது.

பூட்டுக்குச் செலவழிக்காமலே மெசினை நிறுத்திவைக்க நமக்கு வேறு வசதிகளும் இருந்திருக்கின்றன. 2022 மார்ச் கடைசியில் மின்சார சபை நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்சாரத்தை வெட்டியது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாட்டையே இருட்டாக்கியது என்று அமைச்சரே சொன்னார். ஒரு குரங்கு இலங்கை முழுவதிலும் மெசின்களை நிறுத்துகிறபோது, ஒரேயொரு ரோலரை நிறுத்திவைக்கத் தோட்டம் எதற்குக் காசு கொடுத்துப் பூட்டு வாங்க வேண்டும்? குரங்கின் சேவையில் ஒரு சின்னக் குறைதான். கரண்ட் திரும்பி வரும் நேரத்தை அது யாரிடமும் சொல்லிவிட்டுப் போகவில்லை. கரண்ட் இல்லாத நேரம்தானே, மெசினைக் கழுவிவிடுவோம் என்று கை விட்டவருக்கு, மேலே சுவிட்ச் போட்டபடியே இருப்பது ஞாபகம் வராது. கரண்ட் போனால் தானாகவே விடுபடும் ஸ்டார்ட்டர்கள் இருக்கின்றன என்பது உண்மைதான். அவை அடிக்கடி விழுந்து தொந்தரவு கொடுத்தால் ஒரு மரத்துண்டைச் செருகி வாயை அடைக்கும் சாமர்த்தியமும் நம்மவர்களுக்கு உண்டு.

நிர்வாகத்துக்குப் பாதுகாப்பில் அக்கறை இல்லை என்று மட்டும் யாரும் சொல்லிவிட முடியாது. ஐஎஸ்ஓ 22000 சான்றிதழ் வாங்கிய ஸ்டோர்களைப் பாருங்கள். வாசலிலேயே தலைக்குத் தொப்பி கொடுக்கிறார்கள். வெளிநாட்டுக்காரர் குடிக்கும் தேயிலையில் நம் தலைமயிர் விழக்கூடாது. அதே தலைமயிர் பெல்ட்டில் விழாமலிருக்க வேண்டிய தகட்டு மூடி மட்டும் ரிப்பேருக்குக் கழற்றிய நாளிலிருந்து சுவரோரம் சாய்ந்து நிற்கும். பூட்டுக்கும் பஞ்சமில்லை. தூள் அறைக்குப் பூட்டு, உர ஸ்டோருக்குப் பூட்டு, டீசல் பீப்பாய்க்கும் பூட்டு. களவு போகக்கூடிய பொருளுக்குத்தானே பூட்டு? மெசினுக்குள் இருக்கும் ஆளை யார் களவெடுக்கப் போகிறார்கள்!

சட்டமும் நம்மைக் கைவிடவில்லை. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், ஓடும் மெசினின் ஆபத்தான பாகங்களுக்கு வேலி போடச் சொல்கிறது. அதற்கு எட்டு வருடம் முன்னதாகவே, 1934இல், வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வந்துவிட்டது; எந்த உறுப்புப் போனால் எத்தனை வீதம் என்று அதன் அட்டவணை சொல்லும். தொழிற்சாலைச் சட்டத்துக்கு முன்பே விரலுக்கு விலை போட்டுவைத்த முன்யோசனை வேறு யாருக்கு வரும்? விசாரணையின் வேகத்தையும் சொல்ல வேண்டும். காயப்பட்டவரை ஏற்றிய லொறி டிக்கோயா ஆஸ்பத்திரியை அடைவதற்குள் காரணம் கண்டுபிடிக்கப்பட்டுவிடும்: “அவனுடைய கவனக்குறைவு.” சுவிட்சைப் போட்டவர் மேலும் தப்பு, உள்ளே இருந்தவர் மேலும் தப்பு, பூட்டு வாங்காதவர் விசாரணை செய்கிறவர்.

இத்தனைக்கும் நம் ஸ்டோர்களில் முறையாக மெசினை நிறுத்தத் தெரியாது என்றில்லை. ஆயுத பூசையன்று பாருங்கள். எல்லா மெசினும் நிற்கும். சுவிட்சுப் பலகைக்கும் சந்தனம், குங்குமம், மாலை. பூசை முடியும்வரை எந்தத் துரையும் எந்தக் கங்காணியும் அதில் கை வைக்கமாட்டார். மாலை போட்ட சுவிட்சுக்குக் கிடைக்கிற மரியாதை, மறுநாள் ரோலருக்குள் குனிந்து நிற்கும் ஆளுக்குக் கிடைப்பதில்லை. அவருடைய பெயர் எழுதிய அட்டை ஒன்று அந்தச் சுவிட்சில் தொங்கினால் கிடைக்கும்.

ஆகவே துரை அவர்களிடம் ஒரு விண்ணப்பம். எங்கள் தொண்டைமீது நீங்கள் வைத்த நம்பிக்கை போதும் ஐயா. மெசின் பழுதுபார்க்கும் பிட்டருக்கும் ரோலர் கழுவுகிறவருக்கும் ஆளுக்கொரு பூட்டும் ஒரு பெயரட்டையும் கொடுங்கள். ஒரு பூட்டுக்கு ஒரு சாவி மட்டும் இருக்கட்டும். அது உங்கள் ஒபிஸ் மேசையில் வேண்டாம், மெசினுக்குள் இறங்குகிறவரின் பையில் இருக்கட்டும்.