மோட் துப்புரவியல்: கருவித் தேர்வு குறித்த ஓர் ஆய்வு

கணினி விளையாட்டுக்கு ரசிகர்கள் எழுதும் மோட் கோப்பில், எழுதியவருக்கே தெரியாமல் ஒட்டிக்கொண்ட பதிவுகளை நீக்குவது மோட் துப்புரவு எனப்படும். இத்துறை செழித்தது பெதஸ்தா நிறுவனத்தின் விளையாட்டுகளில்: 2002-இல் வந்த மாரோவிண்ட், 2006-இன் ஆப்ளிவியன், 2011-இன் ஸ்கைரிம். இதில் கூலி கிடையாது. ஆயினும் ஆள் பற்றாக்குறை ஏற்பட்டதில்லை.

அழுக்குகளில் தலையாயது ஐடிஎம், அதாவது மூலக் கோப்பிலுள்ள பதிவின் அச்சு அசல் நகல். மோட் எழுதுபவர், விளையாட்டைத் திருத்தும் கருவியான கிரியேஷன் கிட்டில் ஒரு சத்திரத்தைத் திறந்து, எதையோ தொட்டு, மனம் மாறி அப்படியே விட்டுச் சேமித்தால் அந்த அறையின் பதிவு அவர் கோப்பில் ஏறிவிடும். வேறொருவர் பாடுபட்டு அதே சத்திரத்தின் விளக்கொளியை மாற்றியிருக்க, இந்தக் கோப்பு அதற்குப் பின் ஏற்றப்பட்டால் ஒளி பழையபடி ஆகிவிடும். ஒன்றையும் மாற்றாதவர், அடுத்தவர் மாற்றியதை மாற்றிவிடுகிறார். ஆய்வாளர்களை வியக்கவைக்கும் நிகழ்வு இது.

மாரோவிண்டின் அழுக்கு வேறு குலம். ட்ரிப்யூனல், பிளட்மூன் என்னும் கூடுதல் தொகுப்புகளின் அமைப்பு மதிப்புகள், அத்தொகுப்புகளோடு சம்பந்தமே இல்லாத மோட்களில் கட்டுமானக் கருவியால் திணிக்கப்பட்டன. இவை 'தீய ஜிஎம்எஸ்டி' எனப் பெயர் பெற்றன, மொத்தம் 72. இவற்றைக் களைய டெஸ்டூல் என்னும் சாளர நிரலும், கறுப்புத் திரையில் கட்டளை தட்டி இயக்கும் டெஸ்3சிஎம்டியும் உள்ளன. சுட்டியை விட மனமில்லாதோர் முன்னதையும், தட்டச்சுக்கு அஞ்சாதோர் பின்னதையும் நாடுவர். பின்னதே மேல் என்பது இக்கட்டுரையின் துணிபு: எந்தப் பதிவை நீக்கியது என்பதை அது வரிவரியாகச் சொல்லிவிடுகிறது.

ஆப்ளிவியன் முதலானவற்றுக்கு எக்ஸ்எடிட் குடும்பமே வழி. இந்நிரலின் குணம் அதன் பெயரில் இருக்கிறது, அதுவும் சொல்லுக்குச் சொல்: ஒரே நிரலுக்கு டெஸ்5எடிட் என்று பெயரிட்டால் பழைய ஸ்கைரிமையும், எஸ்எஸ்இஎடிட் என்றால் 2016-இன் சிறப்புப் பதிப்பையும் திறக்கும், பெயரோடு 'குவிக் ஆட்டோ கிளீன்' என்று சேர்த்தால் தானே துடைக்கத் தொடங்கிவிடும். லூட் என்னும் இன்னொரு நிரல் துடைப்பதில்லை. மோட்களை வரிசைப்படுத்தி, எது அழுக்கு என்று சுட்டிக்காட்டுவதோடு அதன் கடமை முடிகிறது. எனவே 'லூட்டா, எக்ஸ்எடிட்டா' என்ற வாதமே பொருளற்றது; ஆனாலும் அது நடந்துகொண்டுதான் இருக்கிறது.

எக்ஸ்எடிட்டின் நுட்பம் முழுவதும் வெளிப்படுவது அழிக்கப்பட்ட பொருள்களில். ஒரு மோட் ஒரு பெஞ்சை அடியோடு அழித்துவிட, இன்னொரு மோட் அதே பெஞ்சைத் தேடினால் விளையாட்டு நொடியில் மூடிக்கொள்ளும். இதற்குத் தீர்வு யுடிஆர். அது அழிந்த பெஞ்சுக்கு மீண்டும் உயிர் கொடுத்து, செயலிழக்கச் செய்து, உயர அளவை -30000 என்று மாற்றி நிலத்துக்கு வெகு கீழே இறக்கிவிடுகிறது. இத்துறையில் தூய்மை என்பது பாதி நேரம் ஒளித்துவைப்பதே.

அழிக்கப்பட்ட நேவ்மெஷ், அதாவது பாத்திரங்கள் நடக்கும் வழித்தடம், இந்த வித்தைக்குக் கட்டுப்படாது. அதைக் கையால்தான் சரிசெய்ய வேண்டும். தவறிப்போய் நகர்த்தப்பட்ட பானையை எந்தக் கருவியாலும் கண்டுபிடிக்க இயலாது. நகர்த்தியவரின் நோக்கம் கோப்பில் பதிவாவதில்லை. சில இணைப்பு மோட்களில் ஐடிஎம் வேண்டுமென்றே வைக்கப்பட்டிருக்கும். அவற்றைத் துடைத்தால் மோட் பயன் இழக்கும்.

டான்கார்ட், டிராகன்பார்ன் போன்ற அதிகாரபூர்வக் கோப்புகளிலும் அழுக்கு உண்டு, அவற்றைத் துடைக்கலாம். ஸ்கைரிமின் மூலக் கோப்பை மட்டும் தொடக் கூடாது. துடைக்குமுன் எக்ஸ்எடிட் ஒவ்வொரு கோப்பின் பழைய பிரதியையும் தனி அடைவில் போட்டுவைக்கும். அந்த அடைவு நிரம்பி வழியும்போது அதைத் துப்புரவு செய்யும் பொறுப்பு பயனருடையது.