ஒற்றுக்கு என்ன விலை?

கேள்வி: பள்ளி வேலையை விட்டுவிட்டு எழுத்து, பிழைதிருத்தம், பிரத்தியேக வகுப்பு மூன்றையும் வைத்தே பிழைக்க நினைக்கிறேன். "ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். மூன்றாவது காலுக்கு எங்கே போவாய்?" என்கிறார் மாமியார். (ஒரு வாசகி, ஸ்கூடாய்)

பதில்: அடுப்புக்கு மூன்று கல் வேண்டும் என்று மாமியாரிடம் சொல்லுங்கள் அம்மா. ஒன்றை உருவினால் பானை கவிழ்ந்துவிடும். வகுப்பு மாதம் பிறந்தால் அரிசி வாங்கித் தரும். பிழைதிருத்தம் பருவம் பார்த்து வரும்: கோயில் திருவிழா மலர், பள்ளி ஆண்டு மலர், ஆய்வேடு ஒப்படைக்கும் மாதம். எழுத்துக்குக் கூலி கடைசியில்தான் வரும். ஆனால் மற்ற இரண்டுக்கும் ஆள் உங்கள் வாசலைத் தேடி வருவது எழுத்தில் வாங்கிய பெயரால்தான்.

இந்தக் கூட்டு நம் மலேசியாவுக்குப் புதிதும் இல்லை. 1950களின் தொடக்கத்தில் தமிழ் நேசனில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' நடத்தினார்கள். செய்தித்தாளே கரும்பலகை. சிறுகதை எழுதுவது எப்படி என்று அதில் பாடம் வரும். வாசகர்கள் எழுதி அனுப்புவார்கள். இருவரும் படித்துத் தரம் பார்ப்பார்கள். எழுதினார்கள், திருத்தினார்கள், கற்றுக்கொடுத்தார்கள். அவர்களுக்கு மூன்றும் ஒரே வேலை. 1924-இல் பிறந்த அந்த நாளேடு 2019-இல் நின்றுவிட்டது. அவர்கள் உட்கார்ந்த மேசை இப்போது ஸ்கூடாயில் உங்கள் வீட்டுக் கூடத்துக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாமியாரின் பயத்திலும் நியாயம் உண்டு. ஆறு மாத வீட்டுச் செலவைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, பிறகு ராஜினாமா கடிதம் எழுதுங்கள். அதிலும் ஒற்றுப்பிழை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரு மலரின் 160 பக்கத்தைத் திருத்திக் கொடுத்தேன். பணம் கேட்டால், "தமிழுக்குச் செய்கிற தொண்டுக்குக் கூலியா?" என்கிறார்கள். நான் கேட்டது தவறா ஐயா? (ஒரு வாசகர், மாசாய்)

பதில்: தவறே இல்லை தம்பி. எனக்கும் இது நடந்திருக்கிறது. மூன்று வாரம் கண் விழித்துப் பார்த்துக் கொடுத்த மலருக்கு மேடையில் பொன்னாடை போர்த்தினார்கள். அன்போடு போர்த்தியதால் வாங்கிக்கொண்டேன். ஆனால் மறுநாள் மின் கட்டணம் கட்டப் பொன்னாடையை எடுத்துக்கொண்டு போக முடியாதே! அதே மலரை அச்சடித்தவருக்கும் அட்டை வரைந்தவருக்கும் அன்றே காசு கிடைத்தது. அதுதான் நியாயம். மொழியைச் சரிபார்த்தவரை மட்டும் அந்த நியாயத்துக்கு வெளியே நிறுத்துவதை நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நீங்கள் விற்பது என்ன என்று அவர்களுக்குக் காட்டுங்கள். ஒரு பக்தர் மலருக்கு இப்படி எழுதிக் கொடுக்கிறார்: "முருகனிடம் வேண்டிக்கொண்டு பல மாதம் வேலைத் தேடினேன்." அவர் தேடியது உத்தியோகம். அச்சில் வந்திருப்பதோ, முருகன் கையில் இருக்கும் வேலாயுதத்தைத் தேடிய கதை! 'வேலை தேடினேன்' என்றால் உத்தியோகம்; நடுவில் ஒரு 'த்' விழுந்தால் வேல். இரண்டுமே எழுத்துப்பிழை இல்லாத தமிழ் என்பதால் கணினியின் பிழைதிருத்தி இதைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போகலாம். பக்தருக்கு என்ன குறை என்று தெரிந்த மனிதக் கண்தான் அந்த 'த்' மேல் பேனாவை வைக்கும். அந்தக் கண்ணுக்குத்தான் காசு.

இனி இப்படிச் செய்யுங்கள். முதலில் ஐந்து பக்கம் வாங்கிப் பாருங்கள். பிழை எவ்வளவு அடர்த்தி என்று தெரிந்துவிடும். பிறகு பக்கத்துக்கு இத்தனை வெள்ளி என்று பேசுங்கள், பாதியை முன்பணமாக வாங்குங்கள். ஒற்றும் எழுத்தும் மட்டும் பார்ப்பது ஒரு விலை; வாக்கியத்தை உடைத்துத் திருப்பி எழுதுவது வேறு விலை. எத்தனை முறை மெய்ப்புப் பார்ப்பீர்கள் என்பதையும் சேர்த்துப் புலனத்தில் எழுதி அனுப்பி, "சரி" என்ற பதில் வந்த பிறகு சிவப்புப் பேனாவைத் திறங்கள்.

கேள்வி: ஆரம்பப்பள்ளி யு.பி.எஸ்.ஆர். தேர்வு போய்விட்டதே, இனி யார் தமிழ் வகுப்புக்கு வருவார்கள்? (ஒரு வாசகி, குளுவாங்)

பதில்: யு.பி.எஸ்.ஆர். 2021-இல் போனது, மறு ஆண்டு பி.டி.3 தேர்வும் போனது. பழைய பயிற்சித் தாள்களை நம்பி வகுப்பு நடத்தியவர்களுக்கு அது பெரிய அடி. ஆனால் எஸ்.பி.எம். தேர்வில் தமிழ்மொழியும் தமிழ் இலக்கியமும் அப்படியே இருக்கின்றன. பிள்ளைகள் தமிழைக் கைவிடுகிற இடம் இடைநிலைப்பள்ளி வாசல். குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் அரசாங்கப் பள்ளியில் தமிழ் வகுப்பு நடத்தலாம் என்று விதி இருக்கிறது. கேட்கத்தான் ஆள் சேர்வதில்லை. அந்தப் பதினைந்து பெற்றோரைச் சேர்க்க நீங்களே முன்னால் நில்லுங்கள். வகுப்பு கிடைக்காத பிள்ளை உங்களிடம் வரட்டும். தேர்வுக்கு மட்டும் சொல்லிக்கொடுக்காமல் வாரம் ஒரு பக்கம் சொந்தமாக எழுத வையுங்கள். நாளைக்கு உங்கள் எழுத்தைப் படிக்கப்போவதும் அந்தப் பிள்ளைதான். வீட்டு வகுப்பில் கூட்டம் பெருகினால் 1996 கல்விச் சட்டப்படி பதிவு வேண்டுமா என்று மாநிலக் கல்வி இலாகாவில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: பாலத்தைத் தாண்டி சிங்கப்பூரில் நாலு வீட்டில் சொல்லிக்கொடுத்தால் அங்கத்திய ஒரு வெள்ளி நமக்கு மூன்று வெள்ளிக்கு மேல் ஆயிற்றே? (ஒரு வாசகர், ஜொகூர் பாரு)

பதில்: பாலம் ஒரு கிலோமீட்டர்தான், சட்டம் அதைவிட நீளம். வேலை அனுமதி இல்லாமல் சுற்றுப்பயணியாக நுழைந்து அங்கே கூலி வாங்குவது குற்றம். பிடிபட்டால் திரும்பவும் அந்தப் பக்கம் கால் வைக்க முடியாமலே போகலாம். வேண்டாம் தம்பி.

கேள்வி: சொந்தத் தொழில் என்றால் வரி, சேமநிதி எல்லாம் எப்படி? (ஒரு வாசகி, சிகாமட்)

பதில்: எஸ்.எஸ்.எம். எனும் நிறுவனப் பதிவு ஆணையத்தில் சொந்தப் பெயரில் தொழிலைப் பதிய ஆண்டுக்கு 30 வெள்ளி, கடைப்பெயர் வைத்தால் 60. வருமான வரிக்குச் சம்பளக்காரர்களின் பி.இ. பாரம் இல்லை, பி பாரம். அதற்கு ஜூன் 30 வரை நேரம் உண்டு. சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவில் சுயதொழில் செய்வோருக்கென்று திட்டம் இருக்கிறது. சேமநிதியில் நாமாகவே பணம் போட்டு வரலாம். நமக்கு முதலாளி இல்லை என்பதால் முதலாளி பங்கும் இல்லை. ஆகவே கைக்கு வரும் ஒவ்வொரு கூலியிலும் முதல் பத்து விழுக்காட்டை ஒதுக்கிவிட்டு மீதியை எண்ணுங்கள்.

கேள்வி: எங்கள் கோயில் கும்பாபிஷேக மலரைச் சும்மா பார்த்துத் தர ஒரு தமிழாசிரியர் கிடைப்பாரா? (ஆலயப் பொருளாளர் ஒருவர், கூலாய்)

பதில்: கிடைப்பார் ஐயா. தமிழ் என்றால் மறுக்கத் தெரியாதவர்கள் நம்மிடம் நிறைய இருக்கிறார்கள். அதனால்தான் உங்களிடம் கைகூப்பிக் கேட்கிறேன். செலவுக் கணக்கில் பந்தல், பூ, நாதஸ்வரம், அன்னதானம் என்று வரிசையாக எழுதியிருப்பீர்கள். அச்சுக்கூலிக்கு முந்தின வரியில் 'மெய்ப்புப் பார்ப்பவர்' என்று எழுதி, எதிரே ஒரு தொகையையும் போடுங்கள். மாசாய்த் தம்பியின் எண் என்னிடம் இருக்கிறது. ஒரு வார்த்தை சொன்னால் அவரையே உங்களிடம் பேசச் சொல்கிறேன்.