மேடில்லாத ஊரில் ஜீப்பண்ணன்

காரைக்கால் பக்கம் மலை கிடையாது. குன்று கிடையாது. பாறை என்று சொல்லிக்கொள்ள ஒரு கல் வேண்டுமானால் கோயிலுக்குள்தான் போகவேண்டும். காவிரியும் அதன் கிளைகளும் காலங்காலமாகக் கொண்டுவந்து கொட்டிய வண்டல், மட்டப்பலகை வைத்து இழுத்ததுபோல் கிடக்கிறது. ஒரு வண்டி ஏறவேண்டிய ஆக உயரமான இடம் அரசலாற்றுப் பாலம். அதையும் சனங்கள் டி.வி.எஸ். ஃபிஃப்டியில் முன்னால் ஒரு மூட்டை, பின்னால் ஒரு மாமியார் என்று ஏற்றிக்கொண்டு, கியரே இல்லாமல் ஏறி இறங்குகிறார்கள்.

இந்தச் சீமையில், டவுனை ஒட்டிய தருமபுரத்தில், மலையேறுவதற்கென்றே பிறந்த வண்டி ஒன்றை வாசலில் நிறுத்தி அதன் அடியில் படுத்திருப்பவர்தான் ஜீப்பண்ணன். இவர் தனியாள் இல்லை, ஓர் இனம். நிரவியிலும் உண்டு, திருநள்ளாற்றிலும் உண்டு. பெயர், பிழைப்பு, கட்சி எல்லாம் ஊருக்கு ஊர் மாறும். படுத்திருக்கும் கோணம் மட்டும் மாறாது. பார்க்கப் போகிறவர்கள் அண்ணனின் இரண்டு பாதங்களோடுதான் பேசியாகவேண்டும். கட்டைவிரல் ஆடினால் சம்மதம். பாதம் இரண்டும் விறைத்தால் நட்டு ஒன்று கையை விட்டுக் கண்ணருகே விழுந்திருக்கிறது என்று பொருள். பேச்சை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

வெளியிடங்களிலும் அண்ணனை எளிதில் அடையாளம் காணலாம். சட்டைப் பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் ஓர் ஆயில் சீல். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் தெரியாத்தனமாக, "அதென்னண்ணே டிரான்ஸ்ஃபர் கேஸ்?" என்று கேட்டுவிட்டால் போதும். அண்ணன் உருளைக்கிழங்கு ஒன்றை இலையின் நடுவில் வைப்பார். அதன் இரு பக்கமும் முருங்கைக்காய். கடைசியில் ஆளுக்கொரு வடை.

"கியர்பாக்ஸ்லேர்ந்து வர்ற சுத்து இந்தக் கெழங்குக்கு வருது. இங்கேர்ந்து ஒரு ஷாஃப்ட் பின்னால, ஒரு ஷாஃப்ட் முன்னால. குட்டி லிவரைப் போட்டீங்கன்னா ரெண்டும் ஒரே வேகத்துல சுத்தும். அதனாலதான் காஞ்ச தார் ரோட்ல ஃபோர்-வீல் போடவே கூடாதுங்கறது. வளைவுல முன்சக்கரம் ஒரு தூரம் ஓடும், பின்சக்கரம் வேற தூரம் ஓடும். நடுவுல விட்டுக்குடுக்க டிஃபரன்ஷியல் கெடையாது. எல்லாம் முறுக்கிக்கிட்டு நின்னுடும். சேறு, மணல்னா சக்கரம் வழுக்கிக்கிட்டு முறுக்கு தானா வுட்டுடும். புரியுதுங்களா?"

பாயச வாளியோடு நின்றவர் கேட்பார்: "இப்ப இதை நான் முன் ஆக்சில்ல ஊத்தறதா, பின் ஆக்சில்லயா?"

இந்த இனத்துக்குள் கிளைகள் உண்டு. பெரிய பிரிவு லோ பானட், ஹை பானட். 1940-களின் கடைசியில் மகிந்திரா கம்பெனி வில்லிஸ் ஜீப்பை இந்தியாவில் கோத்துக் கொடுக்க ஆரம்பித்தது. 1953-ல் அமெரிக்காவில் சி.ஜே. 3பி என்ற உருவம் வந்தது. புதிய ஹரிக்கேன் என்ஜின் பழையதைவிட உயரம். வில்லிஸ்காரர்கள் அதற்காக வண்டியைத் திருப்பி வரையவில்லை. மூடியை மட்டும் தூக்கிவைத்தார்கள். மூக்குக்கு மேலே நெற்றி துருத்திய அந்த முகம்தான் நம்மூர்த் தாசில்தார் ஜீப், போலீஸ் ஜீப், பழைய சினிமாவில் கடைசி ரீலில் வரும் ஜீப். அமெரிக்கா 1968-ல் அதைக் கைகழுவியது. இங்கே அதற்கப்புறமும் வெகுகாலம் அச்சில் வார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் ஹை பானட்காரர். லோ பானட் வைத்திருப்பவரை வழியில் பார்த்தால் வணக்கம் சொல்வார், சம்பந்தம் பேசமாட்டார். ஜிப்ஸிக்காரர்கள் வேறு மதம். ஏ.சி. போட்டுக்கொண்டு 2020 மாடல் மகிந்திரா தாரில் வருகிறவர்களை வண்டிக்காரர்கள் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. "அது காருங்க" என்பார். அவர் வாயில் அதற்கு மேல் ஒரு வசவு கிடையாது.

அண்ணனின் வண்டிக்குள் இப்போது இருப்பது ஹரிக்கேன் இல்லை, பெஜோ டீசல். எக்ஸ்.டி.பி. 4.90 என்று பெயர். நாலு சிலிண்டர், தொண்ணூறு மில்லிமீட்டர் போர், 2112 சி.சி. மகிந்திரா உரிமம் வாங்கி இங்கேயே செய்த பிரெஞ்சு என்ஜின். 1980-களில் வந்த எம்.எம். 540-க்கு உயிர் கொடுத்தது அதுதான். இதில் அண்ணனுக்கு ஒரு சரித்திரப் பெருமை. பிரெஞ்சுக்காரர்கள் 1954 நவம்பர் 1-ஆம் தேதி காரைக்காலை ஒப்படைத்துவிட்டுக் கப்பலேறினார்கள். முப்பது வருஷத்துக்குள் பானட்டுக்கு அடியில் ஒளிந்து திரும்பி வந்துவிட்டார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா தாத்தா ஒருவர் தெருவில் இருந்தால், விடியற்காலையில் இந்த என்ஜின் இருமும்போது எழுந்து உட்கார்ந்து, "நம்ம ஆளு எழுந்துட்டான்" என்பார். தெருவில் மற்றவர்கள் வேறு சொல்வார்கள்.

பெட்ரோல் என்ஜினைக் கழற்றிவிட்டு டீசலை வைத்த கதையைச் சொல்வதற்கு முன் தருமபுரத்துச் சாமியைப் பற்றிச் சொல்லவேண்டும். இவ்வூர்ச் சிவன் யாழ்முரிநாதர். திருஞானசம்பந்தரோடு திரிந்து அவர் பாட்டையெல்லாம் யாழில் வாசித்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். தருமபுரம் அவருடைய தாய் பிறந்த ஊர். இங்கே வந்தபோது உறவுக்காரர்கள், "உன் யாழால்தான் அந்தப் பிள்ளையின் பாட்டுக்குப் பேர்" என்று பெருமை பேசிவிட்டார்கள். உறவுக்காரர்கள் அன்றும் அப்படித்தான். பாணர் பதறிப்போய், கருவியில் அடங்காத பாட்டாக ஒன்று பாடியருள வேண்டினார். சம்பந்தர் பாடினார். பாணரின் விரல் தோற்றது. யாழை முறிக்க ஓங்கினார். சம்பந்தர் கையைப் பிடித்துத் தடுத்தார்.

ஒன்றுக்குள் அடங்காததை அதற்குள் அடக்கப் பார்க்கும் வேலைக்கு ஸ்தலபுராணமே உள்ள ஊர் இது. பெஜோவைத் தூக்கி உள்ளே இறக்கினார்கள். மவுண்டிங் ஓட்டை ஒன்றுகூடச் சேரவில்லை. ஃபேன் ரேடியேட்டரை முத்தமிட்டது. சம்பை ஒதுக்கினால் ஸ்டியரிங் ராடு இடித்தது. ராடை ஒதுக்கினால் சைலன்சர் சண்டைக்கு வந்தது. மாலை ஆறு மணிக்கு அண்ணன் சுத்தியலை ஓங்கினார். பக்கத்தில் சம்பந்தர் இல்லை, மெக்கானிக் பாய்தான் நின்றார். அவர் தடுக்கவில்லை. "அது சின்னது தம்பி, இதால அடிங்க" என்று பெரிய சுத்தியலை எடுத்துக் கொடுத்தார்.

எப்படியோ உட்கார்ந்தது. உட்கார்ந்த பிறகுதான் வேலை ஆரம்பம். டீசல் என்ஜின் கனம், முன்பக்கம் தொங்கியது. இரண்டு பட்டை கூடுதலாகச் சேர்த்தார். இப்போது முன்பக்கம் தூக்கியது, பின்பக்கம் தொங்கியதுபோல் தெரிந்தது. அங்கேயும் பட்டை. வண்டி மொத்தமாக உயர்ந்ததும் டயர் சின்னதாகத் தெரிந்தது. பெரிய டயர் மாட்டினார். பெரிய டயர் ஒரு சுற்றுக்கு அதிக தூரம் ஓடுவதால் ஸ்பீடாமீட்டர் வேகத்தைக் குறைத்துக் காட்டியது, பிரேக்குக்கு மூச்சு வாங்கியது. பெரிய டிரம் தேடிப் புறப்பட்டார். இவர் வீட்டில் எந்தப் பழுதும் சாகாது. குட்டி போட்டுவிட்டுத்தான் போகும். வில்லிஸ் உடம்பில் இஞ்சு நட்டு, பெஜோ என்ஜினில் மில்லிமீட்டர் நட்டு. ஒரே வண்டிக்கு இரண்டு செட் ஸ்பேனர். கையில் கிடைப்பது எப்போதும் அடுத்த செட்.

சாமான் தேடி அண்ணன் போகும் க்ஷேத்திரம் சென்னைப் புதுப்பேட்டை. கழித்துக் கட்டிய வண்டிகளின் உறுப்புகள் குவிந்த அந்தத் தெருக்களில் அண்ணன் நடப்பது தேர் பார்க்க வந்தவரின் நடை. பாடி வேண்டுமென்றால் அரியானாவில் மண்டி டப்வாலி. பழைய ஜீப்பைப் புதுசாகச் செய்து கொடுப்பதே அவ்வூரில் ஒரு தொழில். திரும்பும்போது பஸ்ஸில் காலடியில் ஒரு சாக்கு.

"என்னாங்க சாக்குல? கோழி கீழி ஏத்தக்கூடாது."

"கோழி இல்லீங்க. கிரவுன் பினியன்."

"உசுரோடவா?"

"அதைத்தான் நானும் கேட்டேங்க. நல்லா இருக்குன்னுதான் சொன்னான்."

கடல் பக்கம் என்பதால் துருவுக்குப் பஞ்சமில்லை. வங்காள விரிகுடாவின் உப்புக்காற்று பகலில் வேலை செய்கிற அண்ணனுக்கு எதிராக ராத்திரி ஷிஃப்டில் வேலை செய்கிறது. ஒருநாள் கம்பி பிரஷ் எடுத்துத் தரைத்தகட்டின் துருவை முழுக்கச் சுரண்டினார். துரு போனது. கூடவே தகடும் போனது. இத்தனை நாளும் துருதான் சீட்டைத் தாங்கியிருக்கிறது. புதுத் தகடு, ரெட் ஆக்சைடு, அதன்மேல் பச்சைப் பெயின்ட். இன்றைய தேதிக்கு அந்த வண்டியில் ஆதியில் வந்தவை சேஸ் நம்பரும், ஹாரனும், ஓட்டுகிறவரின் பிடிவாதமும்.

வீட்டில் அண்ணி இதையெல்லாம் எப்படிப் பொறுக்கிறார் என்று கேட்பவர்கள் உண்டு. அண்ணி கணக்கில் கெட்டிக்காரர். "வெளில போனாத்தானே கவலை? இவுக வாசல்லதானே கெடக்கறாக. கூப்பிட்டா காலு ஆடுது" என்பார். அவருடைய நிபந்தனை ஒன்றே ஒன்று: ஆயில் கையோடு பானையைத் தொடக்கூடாது. டீசலில் கழுவிய கையோடும் கூடாது. ஆகையால் தண்ணீர் வேண்டும்போதும் அண்ணனின் கால்தான் பேசும்.

சட்டம் அண்ணனுக்குச் சாதகமில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவைக் காட்டி, கம்பெனி கொடுத்த வடிவத்தை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொல்லிவிட்டது. பதினைந்து வருஷம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கவேண்டும். 2022 ஏப்ரலில் அந்தக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. டீசல் என்ஜின் ஆர்.சி.யில் முறையாக ஏறியிருக்கிறது. மற்ற அலங்காரங்கள் புதுப்பிக்கும் வாரத்தில் மச்சான் வீட்டு மாட்டுக்கொட்டகைக்குக் குடிபோகும்: பெரிய டயர், இரும்பு பம்பர், தண்ணீருக்குள் போனாலும் மூச்சுவிட பானட் ஓரமாக நிமிர்ந்து நிற்கும் ஸ்னார்க்கெல் குழாய். பி.ஒய். 02 நம்பரோடு வண்டி மொட்டையடித்த பிள்ளைபோல ஆய்வுக்குப் போய் நல்ல பேர் வாங்கித் திரும்பும்.

வண்டியால் ஊருக்குப் பலனே இல்லை என்று சொல்லிவிட முடியாது. சாமி புறப்பாட்டுக்கு அண்ணன் வண்டிதான் வேண்டும். சாதாரண வண்டியை மேளக்காரர் நடைக்கு ஓட்டினால் கிளட்ச் தீய்ந்து நாறும். ஜீப்பில் லோ கியர் உண்டு. சக்கரத்தின் சுற்றை மேலும் இரண்டரைப் பங்கு குறைத்துவிடும். தார் ரோட்டில் முறுக்கிக்கொள்ளாமல் இருக்க முன்சக்கர ஹப்பைத் திருகி விடுவித்துவிட்டு லோ போடுவார். வண்டி ஆக்சிலேட்டர் மிதிக்காமலே நாதஸ்வரத்துக்குப் பின்னால் நகரும். கொலுக்குமலையில் ஏழாயிரம் அடி உயரத்திலிருக்கும் தேயிலைத் தோட்டத்துக்கு ஏறுவதற்கு இதே பழைய ஜீப்புகளில் போடும் அதே கியர். அங்கே பக்கத்தில் பாதாளம். இங்கே பக்கத்தில் சுண்டல் வாளி.

ஆனால் அண்ணன் உயிரோடிருப்பது ஐப்பசி, கார்த்திகைக்காக. வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று ரேடியோ சொன்னால் மீனவர்கள் படகைக் கரையேற்றுகிறார்கள், விவசாயி சம்பாப் பயிரைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார், கலெக்டர் பள்ளிக்கு விடுமுறை விடுகிறார். அண்ணன் கிரீஸ் அடிக்கிறார். துறைமுகத்தில் ஒன்றாம் எண் கூண்டு ஏற்றினால் டயரில் காற்றைக் குறைப்பார். மூன்றாம் எண் ஏறினால் கயிறு, மண்வெட்டி, டார்ச். "சே, எவ்வளவு சேதம்!" என்று ஊரோடு சேர்ந்து சொல்லும்போது குரலில் வருத்தம் இருக்கும், கண்ணில் இருக்காது. 2018 நவம்பரில் கஜா புயல் தெற்கே அடித்துப் போட்டபோது மட்டும் அந்தக் கண்ணும் அடங்கியிருந்தது. அரிசியும் தார்ப்பாயும் ஏற்றிக்கொண்டு போகவேண்டியிருந்த ரோடுகள் அப்படி. அந்த நாட்களைப் பற்றி அண்ணன் பந்தியில் பேசுவதில்லை.

மற்ற வருஷங்களில் மழை விட்ட மறுநாள் காலை வண்டியை எடுத்துக்கொண்டு வயல்பக்கம் போவார். களிமண் பாட்டை. குட்டி லிவரை இழுப்பார். ஒரு ஃபர்லாங்கு ராஜநடை. அப்புறம் டெல்டா களி டயரின் வரிகளை அடைத்து நாலு டயரையும் மழுமழு உருண்டையாக்கிவிடும். நாலு சக்கரத்துக்கும் சுற்று போகிறது என்பது காகிதத்தில்தான். சாதா டிஃபரன்ஷியல், எந்தச் சக்கரம் சும்மா வழுக்குகிறதோ அதற்கே எல்லாவற்றையும் வாரிக் கொடுக்கும். முன்னால் ஒரு சக்கரம், பின்னால் ஒரு சக்கரம் ஆனந்தமாகச் சுற்றும். மற்ற இரண்டும் வேடிக்கை பார்க்கும். வண்டி சேஸ் வரைக்கும் உட்கார்ந்துவிடும்.

அப்போது அந்த வழியாக ஒரு டிராக்டர் வரும். பின்சக்கரம் இரண்டு மட்டும் ஓடுகிற சாதா டிராக்டர், சேற்றுக்கு இரும்புக் கேஜ் வீல் மாட்டியது. ஓட்டுகிற பையனுக்கு இருபது வயசு இருக்கும். ஒரு காதில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். கயிற்றை எங்கே கட்டவேண்டும், எந்தக் கோணத்தில் இழுக்கவேண்டும் என்று அண்ணன் முழங்கால் சேற்றில் நின்று விளக்கிக்கொண்டிருக்கும்போதே அவன் கட்டி, இழுத்து, ரோட்டோரம் கொண்டுவந்து விட்டிருப்பான்.

"ஏண்ணே, கப்பி ரோடு அந்தாண்டை காஞ்சு கெடக்கு. அதுல போகாம எதுக்குண்ணே இந்தச் சேத்துல எறக்கினீங்க?"

அண்ணன் ஸ்னார்க்கெலில் ஒட்டிய சேற்றை வழித்துப் போட்டுவிட்டு, பையனை இரக்கத்தோடு பார்ப்பார்.

"காஞ்ச ரோட்ல ஃபோர்-வீல் போடக்கூடாது தம்பி."