கொத்தனாரின் கையும் குரோமியத்தின் கணக்கும்

கேள்வி: பத்து ஆண்டுகளாகச் சிமெண்ட் குழைத்தும் ஒன்றும் ஆகாத கொத்தனாருக்கு இப்போது மட்டும் கை அரித்து வெடிப்பது ஏன்? சிமெண்ட் மாறிவிட்டதா?
– ஒரு வாசகர், அரியலூர்

பதில்: மாறியது சிமெண்ட் அல்ல, கொத்தனாரின் உடல். அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லிலும் களிமண்ணிலும் நுண்ணளவில் இருக்கக்கூடிய குரோமியம், சுமார் 1450 பாகை வெப்பமுள்ள சூளையில் நீரில் கரையும் அறுவலு குரோமியமாக மாறி, ஈரச் சிமெண்டின் காரம் அரித்த தோல் வழியே உள்ளே புகுகிறது. நோயெதிர்ப்பு அணுக்கள் அதைப் பகையெனப் பதிந்துகொள்ளும் இந்நிலை ‘ஒவ்வாமை’ எனப்படும்; ஆண்டுக்கணக்கில் எழுதிய கடனை உடல் ஒரே நாளில் வட்டியோடு கேட்கிறது. அதன்பின் ஒவ்வொரு தொடுகையிலும் ஓரிரு நாள் கழித்தே அரிப்பு எழுவதால், பழி பெரும்பாலும் கத்தரிக்காய்மீதும் கருவாட்டின்மீதும் விழுகிறது. பெரம்பலூர் வயல்களில் பார்த்தீனியச் செடி தரும் தோல் அழற்சியும் இவ்வினத்ததே.

டென்மார்க் 1983-இல் சட்டமியற்றி, நம் சித்த மருத்துவர் அன்னபேதி என்றழைக்கும் இரும்பு உப்பைச் சிமெண்டில் கலக்கச் செய்து, இந்நோயைப் பெரிதும் குறைத்தது. இங்கும் அதைக் கட்டாயமாக்க வேண்டும். அதுவரை நீர்புகாக் கையுறை, உடனடிக் கழுவல், தோல் மருத்துவரிடம் ஒட்டுப் பரிசோதனை ஆகியவையே வழி. உணவாலோ குளவிக் கொட்டாலோ நாக்கு வீங்கி மூச்சுத் திணறினால் அது வேறு வகை ஒவ்வாமை. நிமிடங்களில் உயிர் பறிக்கக்கூடும் என்பதால், அட்ரினலின் ஊசிக்காக உடனே 108-ஐ அழையுங்கள்.