லுக்கும் சீயும்

டாக்டரைப் பார்க்கிறோம், வேலை பார்க்கிறோம், பெண் பார்க்கிறோம், குழம்பில் உப்பை நாக்கால்கூடப் பார்க்கிறோம். எல்லாவற்றுக்கும் ஒரே 'பார்' என்று வளர்ந்த பிள்ளைகளுக்கு 'லுக்' வேறு, 'சீ' வேறு என்று கடலூர் மஞ்சக்குப்பத்தில் டியூஷன் எடுப்பவன் பாடு எனக்குத்தான் தெரியும். 'சீ' என்று உரக்கச் சொன்னால் முன்வரிசைப் பையன் முகம் சுண்டிவிடும், திட்டுகிறேனாம். 'லுக்' என்றால் பின்வரிசை சிரிக்கும். அங்கே ஏற்கெனவே ஒருவன் லுக்கு விட்டுக்கொண்டிருப்பான்.

அவன் செய்வது சரியான இலக்கணம். லுக் நாமாக விடுவது. குறிவைத்துக் கண்ணை அனுப்பும் வேலை. ஏதாவது கண்ணில் பட்டால்தான் சீ. அந்தப் பெண் திரும்பிப் பார்த்துவிட்டால் அவளே சொல்வாள், தமிழில்.

இன்னும் விளங்காதவர்கள் சிதம்பரம் பஸ் ஏறலாம். சித்சபையில் நடராஜருக்குப் பக்கத்தில் திரை. தீட்சிதர் அதை விலக்கி ஆரத்தி காட்டுவார். கூட்டம் எக்கி எக்கிப் பார்க்கும். தங்க வில்வ மாலை தொங்கும். உருவம் கிடையாது, வெறும் வெளி. ஆகாயத் தலம் அல்லவா? லுக் உண்டு, சீ இல்லை. ஒருமுறை எனக்கு முன்னால் நின்ற பாட்டி கன்னத்தில் போட்டுக்கொண்டு, "நல்லாப் பாத்துட்டேன்" என்றார். "என்ன ஆயா பாத்த?" என்றான் பேரன். "ஒண்ணுமில்லியே, அதத்தான்டா!" என் டியூஷனில் அந்தப் பாட்டியைச் சேர்த்தால் அவர்தான் முதல் ரேங்க்.

கடலூர் அனுபவம் நேர்மாறு. 1690-இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனி மராட்டியரிடம் வாங்கியது. பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரை உள்ள ஊர்களும் சேர்த்தி என்று பேச்சு. சுட்டார்கள். ஊர்சனம் அண்ணாந்து லுக் செய்திருக்கும். குண்டு விழுந்த இடத்தை சீ செய்தபோது, நின்ற நிலம் கம்பெனிக்காரனுடையது. குண்டு சாலை என்று இன்றும் பெயர் இருக்கிறது.

பரீட்சை எழுதப்போகும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. லுக்குக்குப் பின்னால் 'அட்' போடுங்கள், சீக்கு வேண்டாம். சீயோடு 'இங்' சேர்க்கும்போது மட்டும் ஜாக்கிரதை. 'ஐ ஆம் சீயிங் ஹெர்' என்றால் அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று ஆகாது. காதலிக்கிறேன் என்று ஆகும். பேப்பர் திருத்துபவர் வீட்டுக்குச் சொல்லி அனுப்பினால் நான் பொறுப்பல்ல.