ஏலே பேராண்டி, படத்து வத்தல் கமறுமா?

ஏலே பேராண்டி, புது பைக்கு எடுத்திருக்கியாமே. குடும்ப குரூப்புல போட்டோவும் பாத்தேன். வண்டி லட்சணமாத்தான் இருக்கு. ஆனா போட்டோவுக்குக் கீழ நீலக் கலர்ல ஒரு முழி, பக்கத்துல ரெண்டு விரலப் பின்னுன கை, அப்புறம் நாலு எல வச்ச ஒரு செடின்னு வரிசையா எமோஜி ஒட்டி வச்சிருக்கியே, அதப் பத்தித்தான் ரெண்டு வார்த்த பேசணும். போன பொங்கலுக்கு ஆச்சி ஒன் கையில கறுப்புக் கயறு கட்ட வந்தப்ப, "இதெல்லாம் மூடநம்பிக்க தாத்தா, சொல்லி வைங்க"ன்னு எங்கிட்ட பிராது குடுத்தவன் நீதானல? கறுப்பா இருந்தா மூடநம்பிக்க, நீலமா இருந்தா நாகரிகம். சூட்சுமம் கலர்ல இருக்குன்னு எனக்குத்தான் இத்தன நாளாத் தெரியாமப் போச்சு.

அந்த நீல முழி துருக்கிச் சரக்காம்லா. எதித்த வீட்டு இஞ்சினீரு பிள்ள படிச்சுச் சொன்னா. கண்ணாடிய உருக்கி, நீலத்து மேல வெள்ள, அதுக்கு மேல இளநீலம், நடுவுல கறுப்புப் பொட்டுன்னு வச்சு மணி செய்யுதாங்க. இஸ்மிர் பட்டணத்துப் பக்கத்துல நசார்கொய்னு ஒரு ஊருக்கே இதுதான் பொழப்பு. பிள்ள சட்டையில குத்துவாங்க, வாசல்ல தொங்க விடுவாங்க. ஒலகத்துப் போன் எழுத்துக்கெல்லாம் பட்டா போட்டுக் குடுக்குத யூனிகோடு சபை 2018-ல அதயும் பட்டியல்ல சேத்துட்டு. நல்ல காரியந்தான். வாரவன் பார்வைய வேற பக்கம் இழுக்கதுதான் அந்த மணிக்கு வேல. ஒன் கன்னத்துல ஆச்சி வச்ச மைக்கும் அதே வேலதான். துருக்கி ஆச்சி சொன்னா தலைய ஆட்டுத, திருநவேலி ஆச்சி சொன்னா மொகத்தச் சுளிக்க.

அதோட போச்சா? ஒங்க அத்தை துபாயில இருந்து உப்புக் குப்பி, வத்தல், நெருப்புன்னு மூணு படத்தப் போட்டு, "சுத்திப் போட்டாச்சு"ன்னு எழுதிட்டா. நான் அவளுக்கு அப்பன், எனக்கே சிரிப்பு அடங்கல. சுத்திப் போடுததுன்னா சும்மாவா? கல்லுப்பும் வத்தலும் தெருமுக்கு மண்ணும் ஒரு கைப்பிடி எடுக்கணும். பிள்ளயக் கெழக்க பாத்து ஒக்கார வைக்கணும். இப்படி மூணு, அப்படி மூணு சுத்தி, ஊருல உள்ளவன் ஒறவுல உள்ளவன் கண்ணையெல்லாம் ஒண்ணு விடாம வஞ்சு, மூணு தடவ துப்பச் சொல்லி, அடுப்புத் தீயில கொட்டணும். கொட்டுனதும் வீடே கமறி இருமுச்சுன்னா கண்ணு ஒண்ணும் படலன்னு அர்த்தம். நெடியே ஏறலன்னா பெருங்கண்ணு பட்டிருக்கு. இதுதாம்லே நம்ம ஊரு டெஸ்டு. இப்பச் சொல்லு, அத்தை அனுப்புன வத்தல் கமறுச்சா? ஒரு தும்மலாவது வந்துச்சா? இல்லேல்லா? அப்ப கணக்குப்படி ஒனக்கு ஆகப் பெரிய கண்ணு பட்டிருக்கு. ஒனக்கு மட்டுமில்ல, வாட்ஸ்அப் வச்சிருக்க அத்தன பேருக்கும் பட்டிருக்கு. போயி ஒரு மிளகா மண்டியவே கொளுத்துனாத்தான் தீரும்.

ஒண்ணு மட்டும் ஒத்துக்கிடுதேன். திருஷ்டிக்கு ஒடைக்குத தடியங்கா, அதான் வெள்ளப் பூசணி, அந்த விசயத்துல ஒங்க போனுதான் ஒசத்தி. ஆயுத பூசைக்கு மறுநாள் நடுரோட்டுல ஒடச்சுப் போட்ட காயில வழுக்கி எத்தன பேரு கையக் கால ஒடிச்சுக்கிடுதான்? திருஷ்டி கழிச்சவனுக்கு நல்லது, பின்னால வாரவனுக்குக் கட்டு. போன்ல ஒடச்சா ஒருத்தனும் விழமாட்டான். ஆனா அதுல நம்ம வெள்ளத் தடியங்கா கெடையாது, பல்லக் காட்டுத வெள்ளக்காரன் மஞ்சப் பூசணிதான் இருக்கு. யூனிகோடு சபைக்கு யாரு வேணும்னாலும் மனுப் போடலாமாம். ஊருக்குப் புண்ணியமாப் போகும், போடு.

அடுத்தது, ஒங்க மேனேஜரு சமாச்சாரம். சம்பள உயர்வு எப்பன்னு கேட்டதுக்கு ரெண்டு விரலப் பின்னுன படத்த அனுப்புனாருன்னு பூரிச்சுப் போயி சொன்னியே. கோட்டிக்காரப் பயலே, அந்தப் பின்னலுக்கு ரெண்டு அர்த்தம் உண்டுல. காரியம் கூடி வரணும்னு மொகத்துக்கு நேர பின்னுதது ஒண்ணு. சொல்லுத பொய்யி பாவக் கணக்குல ஏறாம இருக்கட்டும்னு வெள்ளக்காரப் பிள்ளைக முதுகுக்குப் பின்னால பின்னுதது இன்னொண்ணு. போன்ல கை மட்டுந்தான் தெரியுது, முதுகு எங்க இருக்குன்னு தெரியல. எதுக்கும் ஒரு ஆறு மாசத்துச் செலவக் கொறச்சுக்கோ.

அந்த நாலு எலச் செடி அயர்லாந்து பக்கத்துக் கதையாம். அங்க அந்தச் செடிக்கு மூணு எலதான் மொறை, எப்பவாவது ஒண்ணு நாலா மொளைக்குமாம். கண்டெடுத்தவனுக்கு யோகமாம். நம்ம வாய்க்கா வரப்புல ஆரக்கீர பாத்திருக்கியாலே? பொறந்ததுல இருந்தே அதுக்கு நாலு எல. கட்டுக் கட்டாப் பறிச்சு, பருப்புப் போட்டுக் கடஞ்சு, காலமெல்லாம் தின்னிருக்கோம். யோகம் எல பாத்து வாரதா இருந்தா நம்ம ஊருல பாதிப் பேரு வரப்ப மிதிச்சே கோடீஸ்வரன் ஆயிருப்பான். வயிறு நெறஞ்சது, அது வரைக்கும் நெசம்.

ஜாதகமே பாக்க மாட்டேன்னு கல்யாணப் பேச்சுல ஒரு கொடி புடிச்சியே, அதுக்கும் ஒரு சேதி வச்சிருக்கேன். 1999-ல ஜப்பான்ல டோகோமோ கம்பெனிக்காக குரிட்டாங்கிறவரு 176 பொம்ம செஞ்சாரு. மழ, வெயிலு, மனசு, சிரிப்புன்னு போகுத அந்த வரிசையில மேசம் மொதல் மீனம் வரைக்கும் பன்னெண்டு ராசியும் இருக்கு. 2016-ல நியூயார்க் மியூசியத்துக்காரன் அத்தனையையும் வாங்கிக் கலைப் பொருளாப் பத்திரப்படுத்திட்டான். நீ ஜாதகத்தத் தூக்கி எறிஞ்சாலும் அந்த டோகோமோ எமோஜி பொறக்கும்போதே ராசியோடதான் பொறந்திருக்கு.

இப்ப எமோஜியில பல்லியும் இருக்காமே. பல்லி எந்தத் தெசையில சொல்லுச்சு, மேல எங்க விழுந்துச்சுன்னு பலன் சொல்ல பஞ்சாங்கத்துல ஒரு பக்கமே உண்டு. போன் பல்லி சொல்லவும் செய்யாது, விழவும் செய்யாது. காஞ்சிபுரத்துல வரதராஜப் பெருமாள் கோயில்ல தங்கப் பல்லி வெள்ளிப் பல்லியத் தொட்டா தோசம் போகும்னு சனம் வரிசையில நிக்கு. நீயும் ராப்பகலா போனத் தொட்டுக்கிட்டுத்தான் இருக்க. தோசம் எதுவும் எறங்குனதாத் தெரியல, சார்ஜுதான் எறங்குது.

அப்புறம், வெளக்கும் கும்பிட்ட கையுமாப் போட்டு, "பதினோரு பேருக்கு அனுப்பு, ராத்திரிக்குள்ள நல்ல சேதி வரும்"னு எனக்கு அனுப்பாத. இதே கூத்து முன்ன தபால் கார்டுல வந்துச்சு. எழுதி அனுப்புனவனுக்குப் புதையலு, கிழிச்சுப் போட்டவன் ரத்தம் கக்குவான். நான் அதுல வெத்தலக்குச் சுண்ணாம்பு மடிச்சேன், இன்னைக்கு வரைக்கும் வெத்தலச் சாறுதான் செவப்பாத் துப்புதேன். சாமி உத்தரவு பதினோரு பேருன்னா, வாட்ஸ்அப்காரன் 2018-ல இந்தியாவுல ஒரு தடவைக்கு அஞ்சு பேருக்கு மேல கெடையாதுன்னுட்டான். 2020-ல, ரொம்பச் சுத்துன சேதின்னா ஒருத்தருக்குத்தான்னுட்டான். சாமியும் ஒண்ணும் சொல்லல. கம்பெனிக்காரன் கொறச்ச சாபத்துக்கு நீ எதுக்குல பயப்படுத?

சீனாக்காரன் கெட்டிக்காரன். புது வருசத்துக்குச் செவப்பு உறையில காசு வச்சுக் குடுக்குத வழக்கத்த 2014-ல வீசாட்டுக்குள்ள கொண்டு வந்தான். உறையத் தொறந்தா நெசமாவே காசு கொட்டும். நீ ஒன் சிநேகிதன் கல்யாணத்துக்குச் செவப்பு உறைப் படத்த மட்டும் அனுப்பிட்டு, மொய் எழுதிட்டதா நெனச்சுக்கிட்ட. மொய் நோட்டுல படம் எழுத எடமில்லல. நாளைக்கு ஒன் கல்யாணத்துக்கு அவன் அதே உறையத் திருப்பி அனுப்புவான், வாங்கி பீரோவுல வச்சுப் பூட்டு.

இவ்வளவும் கேலிதான், கோவிச்சுக்கிடாத. கண்ணு படுமா, சுத்திப் போட்டா போகுமான்னு என்னக் கேட்டா நான் சிரிச்சுக்கிட்டே வெத்தல மடிப்பேன். ஆனா ஒண்ணு தெரியும். சுத்திப் போடணும்னா ஒருத்தி எந்திரிச்சு வரணும், ஒன் மொகத்த நல்லாப் பாக்கணும். எளச்சிருக்கியா, ஒறங்கலையா, காச்ச அடிக்கான்னு அந்தப் பார்வையில தெரிஞ்சு போகும். போன் பொம்மைக்கு அந்தச் செலவு கெடையாது, அதனாலதான் ஆளாளுக்கு அள்ளி எறியுதீக. அனுப்பு, வேண்டாங்கல. அனுப்பிட்டு அந்த மனுசனுக்கு ஒரு போனையும் போடு, முடிஞ்சா நேர்ல போ.

சனிக்கெழம மதுரையில இருந்து வண்டிய எடுத்துக்கிட்டு ஊருக்கு வா. ஆச்சி உப்பும் வத்தலும் எடுத்து வச்சிருக்கா, தும்முததுக்குத் தயாரா வா. வரும்போது ஹெல்மெட்டு மாட்டி வாரக் கட்டிக்கோ. ஒலகத்துல உள்ள காப்புகள்ல அது ஒண்ணுக்குத்தான் நான் ஜாமீன் நிப்பேன்.