கன்ட்ரோல் யாரு கையில?

ஏலே பேராண்டி, வா, இப்படி உக்காரு. உன் கம்ப்யூட்டரத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். பிரமாதமா ஜோடிச்சு வச்சிருக்கே. எங்கன எது இருக்குன்னுதான் ஒரு மனுசனுக்கும் விளங்கல. டாஸ்க்பாரக் காணோமேன்னு மவுச அடியில கொண்டு போனா, புதுப்பொண்ணு மாதிரி எட்டிப் பாத்துட்டு ஒளிஞ்சுக்கிடுது. ஐகான் எல்லாம் ஒரே கருப்பு. எது குப்பைத்தொட்டி, எது உங்கப்பன் ரசீது வச்ச ஃபோல்டர்னு தெரியல. உங்கம்மா கரண்ட் பில்லு கட்ட வந்து உக்காந்தா. குரோம் எங்கன்னு தேடித் தேடிப் பாத்துட்டு, கோவிச்சுக்கிட்டு ஈபி ஆபீசுக்கே நடையக் கட்டிட்டா.

குத்தம் சொல்லல. இதுல உள்ள சூட்சுமம் எனக்குத் தெரியாதா? "தம்பி, ஒரு பட்டா எடுத்துக் குடு", "தம்பி, இந்த ஆதார ஒரு பிரிண்ட் போடு"ன்னு வார சொந்தக்காரன் எவனும் இனிமே உன் மெசின்ல கை வைக்க மாட்டான். நல்ல ஏற்பாடுதான். என்ன, கை வைக்கத் தெரியாதவன் உன்னையல்லா எழுப்புவான்? காலைல ஆறு மணிக்கு வந்து எழுப்புவான். அதுக்கும் ஏதாவது ஷார்ட்கட் வச்சிருக்கியா?

சரி, அது உன் பாடு. காப்பி பண்ற கீய மாத்தி வச்சிருக்கே பாரு, அதத்தான் கேக்கேன். பவர்டாய்ஸ்னு கீய மாத்துற ப்ரோகிராம்ல போயி கன்ட்ரோல் ஜே அமுக்குனா காப்பி, கன்ட்ரோல் கே அமுக்குனா பேஸ்ட்டுன்னு எழுதியிருக்கே. ஏம்லே, சியும் வியும் உனக்கு என்ன செஞ்சுது?

லாரி டெஸ்லர்னு ஒரு மனுசன், அமெரிக்காவுல ஜெராக்ஸ் கம்பெனி ஆராய்ச்சிக் கூடத்துல இருந்தவரு. 1970கள்ல இந்தக் கட், காப்பி, பேஸ்ட்டுக்கு உருவம் குடுத்த ஆளுகள்ல முக்கியமானவரு. பொறவு ஆப்பிளுக்குப் போனாரு. 1983ல வந்த லிசா மெசின்ல இசட், எக்ஸ், சி, வி நாலும் வரிசையா உக்காந்துட்டுது. எக்ஸ் பாக்கவே அடிச்சுவிட்ட மாதிரி இருக்கும். சி காப்பி. எழுத்து விட்டுப்போன இடத்துல கூரை மாதிரி ஒரு குறி போடுவோம்லா, அதக் கவுத்தா வி. செஞ்சத இல்லன்னு ஆக்க பக்கத்துலயே இசட். இடது கை நகரவே வேண்டாம், வலது கை மவுசுல கிடக்கும். அந்த மனுசனுக்கு ஒரே கீ ஒரு நேரம் ஒரு வேலையும் மறு நேரம் வேற வேலையும் பாத்தா ஆகவே ஆகாது. கார் நம்பர் பிளேட்லயே 'நோ மோட்ஸ்'னு எழுதி வச்சிருந்தாரு. 2020ல போயிச் சேந்துட்டாரு. உன் மெசினப் பாக்காமப் போனாரு, புண்ணியவான்.

நான் தாலுகா ஆபீசுல டைப்பிஸ்டா இருந்தவன். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். எந்த எழுத்து எங்க இருக்குன்னு என்னக் கேட்டா சொல்லத் தெரியாது, விரலக் கேளு. அந்த விரலுக்கு ஒருக்க பழகினத மாத்துறதுன்னா எவ்வளவு பாடுன்னு எனக்குத் தெரியும். நீ ஜேயும் கேயும் பழகிட்டுப் போயி காலேஜ் லேப்ல உக்காருவே. அங்க உன் பவர்டாய்ஸ் இருக்காது. நீ ஜே அமுக்க, அது டவுன்லோட் லிஸ்ட்டத் திறக்கும். வாத்தியார் பின்னால நின்னு பாப்பாரு.

நேத்து ஒரு மனு அடிக்க உக்காந்தேன். தமிழுக்கு மாத்த விண்டோஸ் கீயும் ஸ்பேஸும் அமுக்குனா, அதையும் நீ மாத்தி வச்சிருக்கே போல, சினிமாப் பாட்டு அலறுது. சரி, இங்கிலீசுலயே அடிப்போம்னு 'ரெஸ்பெக்டட் சார்'ல ஆரம்பிச்சு ரெண்டு பாரா முடிச்சேன். சேவ் பண்ண கன்ட்ரோல் எஸ் அமுக்கையில விரல் ஆல்ட்டையும் சேத்து அமுக்கிட்டு. அவ்வளவுதான், மெசினே இருட்டாப் போச்சு. கன்ட்ரோல் ஆல்ட் எஸ்ஸுக்கு ஷட்டவுன் வச்சிருக்கியாமே! அதுவும் 'சேவ் பண்ணட்டா'ன்னு ஒரு வார்த்த கேக்காம மூடற மாதிரி.

கன்ட்ரோல் ஆல்ட் டெலீட்ட வச்சது ஐபிஎம்ல இருந்த டேவிட் பிராட்லி. 1981ல வந்த பிசிக்கு. முதல்ல டெலீட்டுக்குப் பதிலா எஸ்கேப்தான் இருந்துது. மூணும் இடது பக்கமாக் கிடந்தா கை தெரியாம இடிச்சு மெசின் திரும்ப முதல்ல இருந்து கிளம்பிருமேன்னு யோசிச்சு, ஒண்ண வலது கோடிக்குத் தள்ளுனாங்க. ரெண்டு கையும் மனசு வச்சாத்தான் நடக்கும். நீ என்னடான்னா சேவ் பண்ற கீக்குப் பக்கத்து வீட்டுல ஷட்டவுனக் குடி வச்சிருக்கே.

உன்ன மட்டும் சொல்லி என்ன செய்ய? 1995ல விண்டோஸ் 95ஓட வந்த ஸ்டார்ட் பட்டன, 2012ல விண்டோஸ் 8ல மைக்ரோசாஃப்டே தூக்கிட்டான். சனங்க போட்ட சத்தத்துல மறு வருசமே 8.1ல பட்டன் திரும்பி வந்துட்டு. மெனுவும் 2015ல விண்டோஸ் 10ல வந்து சேந்துட்டு. லினக்ஸ்காரங்களுக்கும் இதே கூத்துதான். 2011ல க்னோம் 3ங்கிற டெஸ்க்டாப் வந்தப்ப, லினக்ஸ உண்டாக்குன லினஸ் டோர்வால்ட்ஸே பிடிக்காம எக்ஸ்எஃப்சிஇங்கிற வேற டெஸ்க்டாப் பக்கம் போயிட்டாரு. அவருக்கே அந்தக் கதின்னா உங்கம்மா ஈபி ஆபீசுக்குப் போனது தப்பா?

இப்பம் நான் சொல்லுததச் செய்யி. மெசின்ல உனக்குன்னு தனியா ஒரு யூசர் அக்கவுண்ட் போட்டுக்கோ. உன் வால்பேப்பர், உன் ஐகான், உன் டாஸ்க்பார் எல்லாம் அதுக்குள்ள இருக்கட்டும். அங்க நீ தலைகீழா நின்னாலும் எவனும் கேக்க மாட்டான். வீட்டு அக்கவுண்ட்ல பிரவுசர், ஃபோல்டர், வேர்டு மூணையும் டாஸ்க்பார்ல அந்த வரிசையில பின் பண்ணு. விண்டோஸ் கீயோட ஒண்ணு அமுக்குனா முதல்ல உள்ளது, ரெண்டு அமுக்குனா அடுத்தது திறக்கும். உங்கம்மாவுக்கு ஒண்ணு, ரெண்டு, மூணு தெரியும்.

உங்கப்பன் ரசீது ஃபோல்டருக்கு ஒரு ஷார்ட்கட் எடுத்து 'சென்ட் டூ'க்குள்ள போடு. விண்டோஸ் கீயும் ஆரும் அமுக்கி, ஷெல், கோலன், சென்ட்டூன்னு அடிச்சா அந்த இடம் திறக்கும். பொறவு அவன் எந்த ஃபைலயும் ரைட் கிளிக் பண்ணி அங்க அனுப்பிக்கிடலாம். விண்டோஸ் 11ல அது 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்'குள்ள ஒளிஞ்சு கிடக்கு, காட்டிக் குடு. ஷட்டவுன் ஷார்ட்கட்ட இன்னிக்கே அழி. மனுவ நீதான் திரும்ப அடிச்சுத் தரணும், தமிழ்ல.

அப்பம் எனக்கு ஒண்ணும் வேண்டாமான்னு கேக்கியா? நல்ல பிள்ள. கதவச் சாத்திட்டு வா. அந்தச் சீட்டு விளையாட்டு இருக்குல்லா, அதுக்கு டெஸ்க்டாப்புல ஒரு ஷார்ட்கட் போடு. பேர 'பென்சன் கணக்கு'ன்னு மாத்து. ப்ராப்பர்ட்டீஸ்ல ஐகானையும் நோட்டுப் புஸ்தகம் மாதிரி மாத்திரு. அதத் திறக்குற கீயா கன்ட்ரோல் ஆல்ட் பி போதும். உங்க ஆச்சி வார சத்தம் கேட்டா விண்டோஸ் கீயும் டியும் அமுக்கணும், எல்லாம் மறைஞ்சிரும். அது எனக்கு ஏற்கனவே நல்லாப் பழக்கம்.